வெள்ளையடித்த காலம்

உங்கள் வீட்டுக்குக் கடைசியாக எப்போது வெள்ளையடித்தீர்கள்? பெயிண்ட் அடித்ததைக் கேட்கவில்லை. சுவருக்குப் பிங்க் எமல்ஷன் பூசினாலும் “பொங்கலுக்கு வெள்ளையடிச்சாச்சா?” என்றுதான் இன்னும் கேட்கிறோம். சுண்ணாம்பு போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

சென்னைச் சுண்ணாம்புக்கு ஒரு காலத்தில் லண்டன் வரை பெயர் இருந்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மெட்ராஸில் காரை தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய கட்டுரையை 1732-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் வெளியிட்டது. அதில் வெல்லமும் கடுக்காயும் வருகின்றன. மெருகுப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல ஆக்கினார்கள். வந்து பார்த்த வெள்ளைக்காரர்கள் பளிங்கு என்றே நினைத்தார்களாம்.

அதெல்லாம் மாளிகைகளுக்கு. நம் பாட்டி வீட்டுக்கு வந்தது அதன் ஏழைத் தங்கை. கல் சுண்ணாம்பை வாங்கி வந்து, தண்ணீர் ஊற்றித் தாளித்து, அது கொதித்து அடங்கியபின் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ வஜ்ஜிரமோ கலந்து, மஞ்சளடிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை நீலம். நுனி நைத்த மட்டைதான் பிரஷ். ஈரத்தில் மங்கலாகத் தெரியும் சுவர் காயக் காயப் பளீரென்று வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறுவதுதான் காரணம். குறைந்த செலவில் ஒவ்வோர் ஆண்டும் வீடு புதிதானது.

அழகு மட்டும் இல்லை. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அதிகாரிகள் வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார்கள். பிளேக் எலித் தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்பது அன்று தெரியாது. அந்த நோய்க்கு அது மருந்தே இல்லை. ஆனாலும் சுண்ணாம்பு என்றால் சுத்தம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு.

பிறகு டிஸ்டெம்பர் வந்தது. பிரஷும் டப்பாவுமாக நிற்கும் ‘கட்டு’ என்ற குறும்புப் பையனை ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் ஆசியன் பெயின்ட்ஸுக்காக வரைந்தார், வயதானவர்களுக்கு நினைவிருக்கும். சுண்ணாம்பு தோற்றது விலையால் அல்ல. சாய்ந்தால் சட்டையில் ஒட்டியது, தாளிக்க ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமை வேலையாட்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

இன்று உங்கள் ஹாலில் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். எமல்ஷன் மேல் அது பிடிக்காது, செதில் செதிலாக உதிரும். ஆனால் பெயிண்ட் படாத சிமென்ட் பரப்புக்கு, பம்ப் ரூம், காம்பவுண்டு சுவரின் உள்பக்கம், முக்கியமாக மொட்டை மாடிக்கு, இன்னும் அதைவிட மலிவானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடித் தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கினார்கள். மேலே தட்டோடு. நம் மேல்தளத்துக்காரர்கள் தலைக்கு மேல் இருப்பது கான்கிரீட். ஏப்ரலில் இரவு பத்து மணிக்கும் சுடுகிறது. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவு இது: ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர். 24 மணி நேரம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, பசை சேர்க்க வேண்டும். நீலம் கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம். மாடிக்கு அதுவும் தேவையில்லை. தாளிக்கும்போது கொதிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி கூடாது, இரும்பு டிரம் வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்சம் கரைந்துதான் போகும். மாசியில் அடித்தால் கோடை முழுக்கத் தாங்கும்.

மாடி பொது இடம். அதனால் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு முன் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கீழே கார் நிறுத்துபவர்களிடமும்.