குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டல்: வரலாறு

கருக்காலம் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். 2500 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறப்பது எடை குறைந்த பிறப்பு. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதப்பட்டன. 1961இல்தான் உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு இவற்றைப் பிரித்துக் குறிப்பிட்டது. இக்குழந்தைகளுக்கு எப்போது, எதை, எப்படி ஊட்டுவது என்ற கேள்விக்கான விடை கடந்த 140 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது.

சிக்கலின் இயல்பு

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் அமைகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குப் பால் புரையேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். மறுபுறம், உடலில் கொழுப்பும் சர்க்கரைச் சேமிப்பும் இரும்புச் சத்தும் பெரும்பாலும் கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கின்றன. ஆகவே இக்குழந்தையால் எளிதாக உண்ணவும் முடியாது. பட்டினி கிடக்கவும் முடியாது.

பாரிசில் தொடக்கம்

பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்டெஃபான் டார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, 1880களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியைப் புகுத்தினார். வெப்பம் மட்டும் போதாது என்பதால், இரப்பர்க் குழாய் வழியே இரைப்பைக்கு நேரடியாகப் பால் செலுத்தும் முறையையும் 1884இல் கையாண்டார்.

அவருடைய மாணவர் பியேர் புதேன், குழந்தையை நாள்தோறும் எடைபோட்டு அதற்கேற்பப் பாலின் அளவை முடிவு செய்தார். குறைவாக ஊட்டுவதும் மிகையாக ஊட்டுவதும் ஆபத்து என்று எச்சரித்தார். குழந்தையிடமிருந்து பிரிக்கப்படும் தாய் அதன்மீது பற்று இழக்கிறாள் என்பதைக் கண்டு, தாயே பாலூட்ட வேண்டும் என வலியுறுத்தினார். அவருடைய விரிவுரைகள் 1900இல் நூலாயின.

பட்டினிக் காலம்

1940களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் எதிர்த்திசையில் ஒரு வழக்கம் பரவியது. பிறந்ததும் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை குழந்தைக்குப் பாலோ நீரோ தராமல் வைத்திருந்தனர். புரையேறி இறந்துவிடும் என்ற அச்சம் இதற்கு முதன்மைக் காரணம். குறைமாதக் குழந்தையின் உடல் வீங்கியிருப்பதைக் கண்டு, அதில் நீர் மிகுதியாக இருப்பதாகவும் எண்ணினர்.

இவ்வழக்கம் கவனக்குறைவால் வந்ததன்று. குழந்தையைக் காப்பதற்காகவே கடைப்பிடிக்கப்பட்டது. ஆனால் விளைவு வேறாக இருந்தது. இரத்தச் சர்க்கரை மூளையைப் பாதிக்கும் அளவுக்குத் தாழ்ந்தது. பால் செல்லாததால் குடல் இயக்கம் குறைந்து, வெளியேற வேண்டிய பிலிருபின் மீண்டும் இரத்தத்தில் கலந்தது; மஞ்சள் காமாலை கடுமையானது.

1964ஆம் ஆண்டின் ஆய்வு

ஆக்ஸ்போர்டில் விக்டோரியா ஸ்மால்பீஸ், பமேலா டேவிஸ் ஆகிய இரு மருத்துவர்கள், 1000 முதல் 2000 கிராம் எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் நீர் கலக்காத தாய்ப்பாலை ஊட்டத் தொடங்கினர். சர்க்கரைக் குறைவும் காமாலையும் தணிந்தன. 1964இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தபின், பட்டினி வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பின்னர் கால்களைப் பெரிதும் பாதிக்கும் ஒருவகை மூளை முடக்குவாதமும் இக்குழந்தைகளிடையே குறைந்தது. குளிரிலிருந்து காப்பது போன்ற வேறு மாற்றங்களும் அதே காலத்தில் நிகழ்ந்ததால், அதில் பாலூட்டலின் பங்கைத் தனியே பிரித்துக் கூறுவது கடினம்.

தாய்ப்பாலின் மீள்வரவு

எப்போது ஊட்டுவது என்ற கேள்வி அடங்கியபின், எதை ஊட்டுவது என்பது முன்னுக்கு வந்தது. பிரித்தானியாவில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்த ஆலன் லூக்கஸ் குழுவினர் 1990இல் முடிவுகளை வெளியிட்டனர். புட்டிப்பால் மட்டும் பெற்றவர்களிடம் உயிருக்கு ஆபத்தான குடல் அழற்சி நோய், தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிட 6 முதல் 10 மடங்கு மிகுதியாக இருந்தது.

தாயிடம் பால் போதாதபோது பிற தாய்மாரின் பாலைச் சேமித்துத் தரும் தாய்ப்பால் வங்கி, முதன்முதலில் 1909இல் வியன்னாவில் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் வங்கியை மருத்துவர் அர்மீடா பெர்னாண்டஸ் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் நிறுவினார்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில் எட்கார் ரே 1970களின் இறுதியில் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். 'கங்காரு பராமரிப்பு' எனப்படும் இம்முறையில் வெப்பமும் பாலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

பாலாடை

குழாயிலிருந்து மார்புக்கு மாறும் இடைக்காலத்தில், தமிழர் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடை இந்திய மருத்துவமனைகளில் பயன்படுகிறது. புட்டியைவிட இதைக் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. குழந்தை விழுங்கும் வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகப் பாலைப் புகட்டலாம். உலக நலவாழ்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட எடை குறைந்த குழந்தைகளுக்கான வழிகாட்டுதலில், கிண்ணம், கரண்டி ஆகியவற்றுடன் பாலாடையும் அதே பெயரில் இடம்பெற்றுள்ளது.