சிறுநீர்க் குழாயும் வைத்தியசாலைத் தொற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய் தீர்க்கும் இடமே நோய் தரும் இடமாவதும் உண்டு. வைத்தியசாலையில் தங்குங்கால் நோயாளரைப் பற்றும் தொற்றுக்களுள் சிறுநீர்த் தொற்று மிகப் பொதுவானவற்றுள் ஒன்றாகும். அதன் வரலாறு பெரும்பாலும் கதீற்றர் எனப்படும் சிறுநீர்க் குழாயின் வரலாறேயாம்.

அடைபட்ட சிறுநீரைக் குழாய்கொண்டு வெளியேற்றுதல் பழைய முறை. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் குழாய் வடிவான கருவிகளைக் கூறுகின்றது. கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலுள் அமிழ்ந்த பொம்பெய் நகரில் வெண்கலக் குழாய்கள் கண்டெடுக்கப்பட்டன. இத்தகைய உலோகக் குழாய்கள் பெரும்பாலும் வேண்டும்போது செலுத்தி நீக்கப்படுவன. 19 ஆம் நூற்றாண்டில் இறப்பர்க் குழாய் தோன்றிற்று. 1930 களில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரெடரிக் ஃபோளி, நுனியருகே நீர் நிரப்பும் சிறு பலூனுடைய குழாயை அமைத்தார். அப்பலூன் குழாயை நழுவாது நிறுத்தியமையால், அது நாட்கணக்காகச் சிறுநீர்ப்பையிலே தங்கலாயிற்று. வசதியோடு ஆபத்தும் வந்தது.

அக்காலத்திற் குழாயின் மறுமுனை கட்டிலருகே வைத்த திறந்த போத்தலில் விடப்படுவது வழக்கம். போத்தலில் தேங்கிய சிறுநீரிற் பற்றீரியாக்கள் பெருகிக் குழாயின் உட்புறமாக மேலேறின. நான்கு நாட்களுள் ஏறக்குறைய எல்லா நோயாளரது சிறுநீரிலும் அவை காணப்பட்டன. சிலரிற் தொற்றுச் சிறுநீரகத்தையும் குருதியையும் அடைந்து உயிரையே கவர்ந்தது.

தீர்வு அறியப்படாததன்று. 1928 இலேயே இலண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கத்பேட் டியூக்ஸ், குதச் சத்திரசிகிச்சையின் பின் வரும் சிறுநீர்த் தொற்றை ஆராய்ந்து, மூடிய வடிகால் முறையை எடுத்துரைத்தார். எனினும் அது பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. 1940 களில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெருகியும் பயன் முழுமையாகவில்லை; மருந்துக்கு அடங்காத கிருமிகள் எஞ்சின. 1958 இல் அமெரிக்க மருத்துவர் போல் பீசன், இன்றியமையாத இடத்தன்றிக் குழாயை இடலாகாது என வாதிட்டார். 1966 இல் கல்வின் குனினும் மக்கோமாக்கும், கிருமி நீக்கிய மூடிய வடிகாலால் தொற்று வெகுவாகக் குறைதலை நிறுவினர். அதன் பின்னரே அம்முறை பொதுவழக்காயிற்று.

டியூக்ஸ் கூறியதற்கும் குனின் நிறுவியதற்கும் இடைப்பட்டவை 38 ஆண்டுகள். வேண்டியிருந்தது அரிய மருந்தன்று. மூடிய பையும் தூய கையுமே. அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் நோயாளர்.

மூடிய முறையும் தொற்றைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி அடியோடு ஒழிக்காது. குழாயின் சுவரிற் கிருமிகள் படலமாய்ப் படிந்து மருந்துக்குத் தப்புகின்றன. குழாய் தங்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டுகின்றது. ஆதலின் ‘இக்குழாய் இன்றும் வேண்டுமா?’ என மருத்துவரும் தாதியரும் நாள்தோறும் வினாவுதலே சிறந்த காப்பு. உண்மையைக் கண்டறிதல் அறிவின் பாதியே. அதனைக் கடைப்பிடித்தல் மறுபாதி என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.