பட்டினி கிடக்கும் பாம்புக்குட்டியும் ஒரு பஞ்சுக்குச்சியும்

அமெரிக்காவில் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் அதிகம் வைத்திருக்கும் இனங்களில் ஒன்று கார்ன் ஸ்நேக். விஷம் கிடையாது, சாதுவானது. முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஒரு பென்சில் தடிமன்கூட இருக்காது. முதல் சில நாட்களுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே போதும். ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். அதன்பிறகு, ரோமம் முளைக்காத எலிக்குட்டி ஒன்றை முன்னால் வைப்பார்கள். பெரும்பாலான குட்டிகள் விழுங்கிவிடும். சில குட்டிகள் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. வாரக்கணக்கில் இப்படியே போனால் செத்துப்போகும்.

'சாப்பிட மாட்டேங்குது, என்ன செய்ய?' என்ற இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களின் வரலாற்றைத்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாம்பைப் பற்றி மனிதன் என்ன நினைத்தான் என்பதும் அதற்குள் இருக்கிறது.

பழைய பதில் எளிமையானது: திணி. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலை 1899இல் திறக்கப்பட்டது. அங்கே ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ரேமண்ட் டிட்மார்ஸ். சாப்பிட மறுக்கும் மலைப்பாம்பை ஆட்கள் வரிசையாக நின்று பிடித்துக்கொள்வார்கள், இரையை ஒரு கழியால் தொண்டைக்குள் தள்ளுவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. பிற்காலத்தில் வீட்டில் வளர்த்தவர்கள் குட்டிப் பாம்புக்கும் இதையே சின்ன அளவில் செய்தார்கள். ஆனால் அவ்வளவு மெல்லிய வாயில் கொஞ்சம் அழுத்தினாலும் காயம்தான். மிரண்ட பாம்பு உள்ளே போனதைக் கக்கிவிடும். கக்கினால் உடம்பு இன்னும் பலவீனமாகும்.

திணிப்பவர் மனதில் ஒரு அனுமானம் இருக்கிறது: முன்னால் இருப்பது உணவு என்று பாம்புக்குத் தெரியும், பிடிவாதத்தால் தின்ன மறுக்கிறது. இந்த அனுமானம் சரிதானா என்று சோதித்தவர்களில் முக்கியமானவர் கார்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர். அவர் எடுத்துக்கொண்டது கார்ட்டர் ஸ்நேக். இது குட்டி போடும் இனம், தாய் ஊட்டி வளர்ப்பதில்லை. 1966இல் வெளியான அவருடைய சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு பஞ்சுக்குச்சிதான். மண்புழு, மீன் போன்றவற்றை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் பஞ்சை நனைத்து, இதுவரை எதையுமே தின்றிராத குட்டியின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சு என்றால் குட்டி கண்டுகொள்ளவில்லை. மண்புழு நீர் என்றால் நாக்கை விறுவிறுவென்று நீட்டி நீட்டி இழுத்தது, பிறகு வாயைத் திறந்து பஞ்சையே கடித்தது!

பாம்பின் பிளவுபட்ட நாக்கு வாசனைத் துகள்களை அள்ளிக்கொண்டு போய், வாயின் மேலண்ணத்தில் திறக்கும் ஓர் உறுப்பிடம் சேர்க்கிறது. டென்மார்க்கின் லுத்விக் ஜேக்கப்சன் 1813இல் வளர்ப்பு விலங்குகளின் மூக்கில் இந்த உறுப்பை விவரித்ததால், அவர் பெயரிலேயே ஜேக்கப்சன் உறுப்பு என்கிறார்கள். எது உணவு என்ற பட்டியல் பிறக்கும்போதே குட்டியிடம் இருக்கிறது. கருவுற்ற தாய்க்கு மீனைக் கொடுத்தாலும் மண்புழுவைக் கொடுத்தாலும் குட்டியின் விருப்பம் மாறவில்லை என்றும் பர்கார்ட் பிறகு காட்டினார். இனத்துக்கு இனம் பட்டியல் வேறு. குவீன் ஸ்நேக் என்ற நீர்ப்பாம்பு ஆற்றிலுள்ள கிரேஃபிஷ்களை, அதுவும் புதிதாக ஓடு கழற்றியவற்றைத் தின்று வாழ்வது. அதன் குட்டிகள் கிரேஃபிஷ் நீருக்குத்தான் பாய்ந்தன.

ஒரே இனத்துக்குள்ளேகூட வித்தியாசம் உண்டு என்று 1977இல் காட்டினார் ஸ்டீவன் ஆர்னால்ட். கலிபோர்னியாவின் ஈரமான கடற்கரைப் பகுதியில் ஓடில்லாத நத்தைகள் நிறைய. அங்குள்ள கார்ட்டர் பாம்புகளுக்கு அதுதான் முக்கிய உணவு. உள்நாட்டு ஏரிப்பக்கத்துப் பாம்புகள் தவளையும் மீனும் தின்பவை. இரண்டு இடத்துக் குட்டிகளையும் பிறந்ததும் தனித்தனியாக வைத்து, ஒரு சிறு நத்தைத் துண்டைக் கொடுத்தார். கடற்கரைக் குட்டிகளில் பெரும்பாலானவை தின்றன. உள்நாட்டுக் குட்டிகளில் பெரும்பாலானவை தொடவில்லை. இதைப் பிடிவாதம் என்று சொல்ல முடியுமா?

இப்போது கார்ன் ஸ்நேக் குட்டிக்கு வருவோம். காட்டில் அதன் முதல் இரை பெரும்பாலும் அனோல் போன்ற சிறு பல்லிகளும் மரத்தவளைகளும்தான். பெரிதான பிறகுதான் எலி. நாம் முதல் நாளே எலியை நீட்டுகிறோம். அது சில குட்டிகளின் பட்டியலில் இன்னும் ஏறவே இல்லை, அவ்வளவுதான்.

வளர்ப்பவர்களிடம் இப்போது புழங்கும் வைத்தியமெல்லாம் பஞ்சுக்குச்சியின் வாரிசுகள். எலிக்குட்டியைக் கழுவி, அதன்மேல் பல்லியையோ பல்லி உரித்த தோலையோ தேய்த்துக் கொடுக்கிறார்கள். பல்லி வாசனையில் எலி உள்ளே போகிறது. நாலைந்து முறைக்குப் பிறகு தேய்ப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒருநாள் வெறும் எலியையே தின்றுவிடும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சாதாரணமானவை: உடம்புக்குப் போதிய சூடு, ஒளிந்துகொள்ள ஓர் இடம், காற்றுத்துளையுள்ள சின்ன டப்பாவில் இரையோடு ராத்திரி முழுக்கத் தனிமை. எட்டி எட்டிப் பார்க்கக்கூடாது. எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டவேண்டும். வாய்க்குள் வைப்பது கடைசி வழி.

இந்தியாவில் நம்ம ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தச் செய்முறை நமக்கு நேரடியாகப் பயன்படாமல் போகலாம். ஆனால் புற்றில் பால் ஊற்றும் ஊர்க்காரர்கள் நாம். பாலும் எந்தப் பாம்பின் பட்டியலிலும் இல்லை. பாம்பாட்டியின் கூடையில் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்த நாகம் பாலைக் குடித்தால், அது தாகத்தில் குடிப்பது. பக்தியோடு ஊற்றும் பாலும் கழியால் தள்ளும் இரையும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டிலும் முடிவெடுப்பது மனிதன், பாம்பின் நாக்கை யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்க்க ஒரு பஞ்சுக்குச்சி போதுமாக இருந்தது.