புதைமணலில் கால் சிக்கினால் என்ன செய்ய வேண்டும்?

புதைமணல் ஆளை முழுதாக விழுங்கிவிடும் என்பது சினிமா வளர்த்த நம்பிக்கை. உண்மையில் அதில் சிக்கியவர் இடுப்பளவுக்கு மேல் தாழ்வது அரிது. ஆபத்து, காலை மீட்பதற்குள் கடல் பெருகி வந்துவிடுவதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் மோர்கம்பே விரிகுடா புதைமணலுக்கும் வேகமாகப் பெருகும் கடலுக்கும் பேர்போனது. 2004 பெப்ரவரி 5 ஆம் திகதி இரவு அங்கு மட்டி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களைக் கொன்றது மணல் அல்ல, சூழ்ந்துவந்த கடல்.

மணலும் களியும் நீரும் கலந்ததே புதைமணல். மேலே தரைபோல் உறுதியாகத் தெரியும். கால் பட்டதும் குழைந்து, பின்னர் காலைச் சுற்றி இறுகும். அம்ஸ்ரடாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2005 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். புதைமணலின் அடர்த்தி மனித உடலினதைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. ஆகவே உடல் அதில் மிதக்கும். ஆனால் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர் வேகத்தில் காலை இழுத்தெடுக்கவே ஒரு காரைத் தூக்குமளவு விசை தேவை.

சிக்கியவர் செய்ய வேண்டியவை:

1. பை, சுமைகளை எறிந்துவிடுங்கள். உடனே உதவிக்குக் குரல் கொடுங்கள். இங்கிலாந்தில் 999 ஐ அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேளுங்கள்.

2. பின்பக்கமாகச் சாய்ந்து, கைகளை அகல விரித்துப் படுங்கள். உடற்பாரம் பரவினால் மேலும் புதையமாட்டீர்கள்.

3. ஒரு காலை மட்டும் மெதுவாக, சிறிது சிறிதாக அசையுங்கள். அந்த இடைவெளியில் நீர் இறங்கினால்தான் மணல் இளகும். அந்தக் கால் வெளியே வந்தபின் மற்றக் கால்.

4. இரண்டும் விடுபட்டதும் எழுந்து நிற்காதீர்கள். வந்த வழியே உருண்டோ தவழ்ந்தோ உறுதியான தரைக்குச் செல்லுங்கள்.

உதவ வருபவர் அருகே ஓடக்கூடாது, அவரும் புதைவார். தள்ளி நின்று கயிறோ பலகையோ கொடுக்கலாம். பலமாக இழுத்தால் சிக்கியவரின் மூட்டுகள் காயப்படும்.

எமது களப்புகளில் இறால் பிடிக்க இறங்குவோர் சேற்றில் புதைந்தாலும் இதே முறை உதவும். புலம்பெயர் நாடுகளில் பிள்ளைகளுடன் கடற்கரை செல்வோர், புறப்படுமுன் வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்காதீர்கள்.