பேர் சொல்லாமல் பாடவைத்த குறும்பு

கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆவதற்கு முன் அவரை வைத்து ஒரு விளையாட்டு நடந்தது. நடத்தியவர் புதுச்சேரி வேணு நாயகர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு முடிந்ததும் கனகசுப்புரத்தினத்தைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடியது பாரதியின் பாட்டு. சபையில் ஒருவர் இருந்தார். தெருவில் கண்ட முகந்தான். ரவிவர்மா படத்துப் பரமசிவம் மாதிரி இருக்கிறாரே என்று இவர் மனசுக்குள் நினைத்துக்கொண்ட ஆள். அவர்தான் பாரதி என்பது நாயகருக்குத் தெரியும், பாடியவருக்குத் தெரியாது. இன்னொன்றும் பாடவைத்துவிட்டுத்தான் நாயகர் உண்மையை உடைத்தார். கூச்சத்தில் பையன் என்ன பாடுபட்டிருப்பார்!

இது எப்படிச் சாத்தியமாயிற்று? 1908இல் பிரிட்டிஷ் பொலிசுக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தவர் பாரதி. உளவாளிகள் அங்கேயும் பின்னால் திரிந்தார்கள். இன்னார் இவர் என்று சபையில் கூவிச் சொல்லும் காலமல்ல அது. பாட்டு முதலில் ஊருக்குள் போயிற்று, ஆள் பிறகுதான்.

இளைஞர் உணர்ந்து பாடுகிறார் என்பது பாரதிக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே பிறந்த உறவுதான் பிற்பாடு ஒரு கவிஞனின் பேரையே மாற்றியது. இவரால் கவி கட்ட முடியுமா என்று நண்பர்கள் ஐயப்பட்டபோது, பாரதி அங்கேயே எழுதச் சொல்லி, அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் பாட்டென்று சுதேசமித்திரனுக்கு அனுப்பியதும் தெரிந்த கதையே. கல்யாண வீட்டுச் சங்கதியைப் பிறகு எழுதிவைத்தவரும் ஏமாந்த பாரதிதாசன்தான். குறும்பில் நஞ்சில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நம்முடைய அறபு இலக்கியத்தில் ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) இதைத் தலைகீழாகச் செய்தார். தம் பேரில் வந்த நல்ல நூலைப் பொறாமைக்காரர் குறை சொல்ல, அதைவிடக் குறைந்த ஒன்றை இப்னுல் முகஃப்பஃ பேரில் விட்டால் அதே ஆட்கள் புகழ்ந்து பிரதி எடுத்தார்களாம். அவரே சொல்கிறார். ஜாஹிஸின் விளையாட்டில் கொஞ்சம் கசப்பு உண்டு. நாயகருடையதில் அது கிடையாது. பேர் தெரியாததால் அங்கே முகத்துதிக்கு இடமே இல்லை.

பெரகலயில் எங்கள் வகுப்பில் கவிஞர் பேரும் பிறந்த ஆண்டுமே முதலில் கரும்பலகையில் ஏறும். சமூக இலக்கியம் பேசுகிற நாமும் ஒரு கவிதையைக் கண்டால் "நம்ம ஆளா?" என்றுதானே முதலில் கேட்கிறோம்? ஒருமுறை அல்லாஹ்வைப் பற்றிப் பாரதி பாடிய பாட்டைப் பேர் சொல்லாமல் வாசித்தேன்.

"காயல்பட்டணத்துப் புலவரா சேர்?" என்றான் ஒருவன்.

பேரைச் சொன்னதும் நம்பவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு மணி அடிக்கும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை.