தருமபுரியிலிருந்து சம்மர் ட்ரிப்: ஃப்ளைட் டிக்கெட்டை எப்போ போடலாம்?

ஏப்ரல் பிறந்ததும் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஆரம்பிப்பாங்க, ``இந்த லீவுக்கு ஃப்ளைட்ல போலாமா?'' நாலு பேர் தம்ஸ்-அப் போடுவாங்க. தேதி முடிவாகவே இரண்டு வாரம் ஆகும். அதற்குள் பிப்ரவரியில் பார்த்த விலை எங்கேயோ போயிருக்கும். நம்ம மாவட்டத்தில் ஏர்போர்ட்டும் கிடையாது. அதனால் `எப்போ புக் பண்றது' என்பதோடு, `எங்கிருந்து ஏறுறது' என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுடுவோம். ``கடைசி நேரத்துல சீட் காலியா இருந்தா சீப்பா கொடுப்பாங்க'' என்று பலர் காத்திருப்பாங்க. மே மாதத்தில் இது பெரும்பாலும் நடக்காது. ஒரே விமானத்தில் இருக்கிற சீட்டுகளை பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். கீழ் அடுக்கு தீர்ந்ததும் அடுத்த விலை. கடைசி வாரத்தில் வாங்குபவர், அவசரத்தில் இருப்பவர். எவ்வளவு சொன்னாலும் கொடுப்பார் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

இதிலேயே ஒரு சின்ன தந்திரம் இருக்கு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ் அடுக்கில் இரண்டு சீட்தான் மிச்சம் என்றால், நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலையைக் காட்டலாம். ஒருமுறை ஒரே ஆளுக்கும் தேடிப் பாருங்க. விலை குறைவாகத் தெரிந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்துப் போடலாம். `செவ்வாய்க்கிழமை புக் பண்ணினால் சீப்', `இன்காக்னிட்டோவில் தேடணும்' போன்ற வாட்ஸ்அப் டிப்ஸை நம்பி ராத்திரி கண் விழிக்கத் தேவையில்லை.

சரி, எப்போதான் போடுறது? உள்நாட்டுப் பயணத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் முன்பு, வெளிநாடு என்றால் இன்னும் ஓரிரு மாதம் சேர்த்து என்பது பொதுவான கணக்கு. மே பயணத்துக்கு பிப்ரவரி, மார்ச். கூகுள் ஃப்ளைட்ஸில் உங்க ரூட்டுக்கு ப்ரைஸ் அலர்ட்டை ஜனவரியிலேயே போட்டு வைத்தால், எது சாதாரண விலை, எது ஏறிய விலை என்று மூன்று நாலு வாரத்தில் பிடிபட்டுவிடும். சாதாரண விலைக்கு வந்ததும் வாங்கிடுங்க. இன்னும் 200 ரூபாய் குறையும் என்று காத்திருப்பது மே மாதத்தில் கட்டுப்படியாகாது.

பெங்களூரு காலண்டரையும் பாருங்க

நம்மில் பலர் ஏறுவது தேவனஹள்ளி கெம்பேகௌடா ஏர்போர்ட்டில். அங்கே விலையை ஏற்றுவது கர்நாடகப் பள்ளி விடுமுறை. அவர்களுக்கு ஏப்ரல் இரண்டாவது வாரவாக்கில் லீவு ஆரம்பித்து, மே கடைசியில் பள்ளி திறந்துவிடும். அதனால் ஏப்ரல் நடுவில் கிளம்புகிற விமானங்களும், மே கடைசி வாரம் திரும்புகிற விமானங்களும் சூடாக இருக்கும். தமிழ்நாட்டில் பள்ளி திறப்பது ஜூனில். 2023-லும் 2024-லும் வெயிலால் அதுவும் தள்ளிப்போனது. ஆனால், இந்த வருஷமும் தள்ளிப்போகும் என்று நம்பி ரிட்டர்ன் டிக்கெட் போடாதீங்க.

`ஜூன் முதல் வாரம் போனா சீப்பா இருக்குமே' என்று தோணும். கோவாவுக்கும் அந்தமானுக்கும் அப்படி இருக்கலாம், காரணம் மழை. அந்தமானில் மே மூன்றாவது வாரவாக்கிலேயே பருவமழை தொடங்கிடும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகள் நிற்கும். டெல்லி, ஸ்ரீநகர் பக்கம் ஜூனிலும் விலை இறங்காது. டெல்லிப் பள்ளிகளுக்கு அப்போதுதான் லீவு.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏர்போர்ட் சுமார் 170 கி.மீ. கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டினால் சில்க் போர்டு டிராஃபிக். சேலம் ஏர்போர்ட் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், சுமார் 50 கி.மீ.தான்; தொப்பூர் கணவாயைத் தாண்டினால் போதும். 2023 அக்டோபரில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சிக்கு அங்கிருந்து மீண்டும் விமானங்கள் தொடங்கின. ஆனால், ஓடுவது 80 சீட்டுக்கும் குறைவான சின்ன ஏடிஆர் விமானங்கள். கீழ் விலை சீட்டுகள் சீக்கிரம் தீரும், எல்லா ஊருக்கும் தினமும் சர்வீஸ் இருக்காது. சேலத்தை யோசிப்பவர்கள் பெங்களூரு ஆட்களைவிட முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. ஹைதராபாத் வழியாக வேறு ஊருக்குப் போவதாக இருந்தால், ஒரே பி.என்.ஆரில் வாங்குங்க. முதல் விமானம் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டால் பொறுப்பு கம்பெனிக்கு. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்களுக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலத்தைவிட பெங்களூரில் ஆளுக்கு 1,000 ரூபாய் குறைவு, நாலு பேர் என்றால் 4,000 மிச்சம். காலை 6 மணி விமானத்துக்கு நள்ளிரவில் தனி டாக்ஸி பிடித்தால் அந்த மிச்சம் டாக்ஸிக்கே போயிடும். முதல் முறையாக அப்பா, அம்மாவை ஃப்ளைட்டில் அழைத்துப் போகிறவர்கள் அந்த 6 மணி விமானத்தை விட்டுடலாம். ராத்திரி பூரா தூங்காமல் வந்து, செக்யூரிட்டி வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பெரிய அவஸ்தை.

சென்னையிலிருந்து ஏறுகிறவர்கள் மொரப்பூரில் ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவிலேயே ஏர்போர்ட் போய்விடலாம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே 10 பயணம் என்றால் மார்ச் 11. ஃப்ளைட்டை முன்னாடியே போட்டுவிட்டு, அந்தத் தேதிக்கு மொபைலில் அலாரம் வைத்துக்கொள்ளுங்க.

போட்ட பிறகு பிளான் மாறினால்? ஏர்லைன்ஸ் வெப்சைட்டில் நேரடியாக வாங்கி, பயண நாளும் தள்ளி இருந்தால், குறைந்தது 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்ய டிஜிசிஏ விதி இடம் கொடுக்கிறது. அதற்குப் பிறகு, `நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டாகவே இருந்தாலும் வரிகளும் ஏர்போர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கேட்டு வாங்குங்க, பலர் விட்டுடுறாங்க.

பணம் கட்டுவதற்கு முன் பெயரை ஒருமுறை பாருங்க. நமக்கு இனிஷியல்தான், `லாஸ்ட் நேம்' கட்டத்தில் என்ன போடுறதுன்னு குழம்பும். உள்நாட்டுக்கு ஆதாரில் இருப்பது போல, வெளிநாட்டுக்கு பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருப்பது போல. தப்பு இருந்தால் அன்றைக்கே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுத் திருத்திடுங்க.