சாயம் காட்டாத சுரப்பு

மூளையின் அடியிலே கடலையளவாய் அமைந்துள்ளது கபச்சுரப்பி. 1886ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி, கையும் காலும் முகமும் பருத்து வளரும் நோயொன்றை விவரித்தார். அந்நோயாளரின் கபச்சுரப்பிக் கட்டிகளிலுள்ள கலங்கள் செஞ்சாயத்தை ஏற்பனவென 1900இல் ஜேர்மானியரான கார்ல் பெண்டா காட்டினார். நீலச்சாயம் ஏற்கும் கட்டியால் விளையும் வேறொரு நோயை 1932இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹாவி குஷிங் விளக்கினார். இங்ஙனம் கட்டிகள் நிறத்தால் வகுக்கப்பட்டன.

இரு சாயங்களையும் ஏலாதவை எந்த ஓமோனையும் சுரவா என்றே பலகாலம் நம்பப்பட்டது. ஆயின், பாற்சுரப்பைத் தூண்டும் புரோலக்ரினை 1970களில் மனிதக் குருதியில் அளக்க இயன்றபோது, அவற்றுட் பல அதனை மிகுதியாய்ச் சுரப்பது புலனாயிற்று. அக்கட்டியுடையோர் பலருக்கு அறுவையின்றி மாத்திரையே போதுமாயிற்று. 2017இல் உலக சுகாதார தாபனம், கட்டி எக்கல மரபினின்று தோன்றியதென்பதையே பகுப்புக்கு அடிப்படையாக்கியது. பகுப்புத் திருந்தியமையால் சிகிச்சையும் திருந்தியது.